சிகாகோ பல்கலைக்கழகம் ஃபுட்பாலை ஏன் கைவிட்டது?

கேள்வி: சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் முன்னணியில் இருந்ததாமே? கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை முதன்முதலில் அங்கே படித்த மாணவருக்குத்தான் என்று படித்தேன். இப்போது விளையாட்டுச் செய்திகளில் அந்தப் பெயரே கண்ணில் படுவதில்லை. என்ன ஆயிற்று? அணிகள் இப்போதும் இருக்கின்றனவா?

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். கீழே ஃபுட்பால் என்று வருவதெல்லாம் அமெரிக்கர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். நம் ஊரில் காலால் உதைத்து ஆடுவதைக் கால்பந்து என்றே எழுதுகிறேன். இரண்டுமே இந்தக் கதையில் வருகின்றன.

நீங்கள் படித்தது சரிதான். 1939 டிசம்பரில் ஃபுட்பால் அணியை அறங்காவலர் குழு கலைத்தது. 1946இல் பல்கலைக்கழகம், தங்களுக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் ‘பிக் டென்’ விளையாட்டுக் கூட்டமைப்பையே விட்டு விலகியது. 1969இல் ஃபுட்பால் சின்ன அளவில் திரும்பி வந்து இன்றுவரை நடக்கிறது. மற்ற அணிகள் எப்போதும் இருந்தன. பொதுவாக இந்தக் கதையை எப்படிச் சொல்வார்கள் என்றால், விளையாட்டே பிடிக்காத புத்தகப்புழுத் தலைவர் ஒருவர் வந்தார், மூடிவிட்டார் என்பார்கள். அது பாதிதான் உண்மை. ஃபுட்பால் அணி அங்கே பிறந்ததே ஒரு விளம்பரமாகத்தான் என்பது என் கணிப்பு. அந்த விளம்பரம் தேவைப்படாத காலம் வந்தது. போதாக்குறைக்கு, விளம்பரமே நிறுவனத்தின் மானத்தை வாங்க ஆரம்பித்தது. அப்போது மூடினார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகம் ராக்ஃபெல்லரின் பணத்தில் 1890இல் நிறுவப்பட்டு, 1892 அக்டோபரில் வகுப்புகளைத் தொடங்கியது. ஹார்வர்டுக்கு அப்போதே 250 வயது கடந்திருந்தது. நேற்று முளைத்த ஒரு கல்லூரியின் பெயர் ஊர் வாயில் அடிபட வேண்டும். முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பருக்கு இது நன்றாகத் தெரியும். (அங்கே ‘தலைவர்’ என்றால் நம் துணைவேந்தர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) எபிரேய மொழி அறிஞர், பைபிள் பேராசிரியர், ஆனால் ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர். யேலில் தான் பாடம் நடத்திய காலத்தில் அங்கே பேஸ்பாலில் பந்து வீசுவதிலும் ஃபுட்பாலிலும் நட்சத்திரமாக இருந்த அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்ற மாணவரை, பல்கலைக்கழகம் திறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட்டார். ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம். அதைவிட முக்கியம், இணைப் பேராசிரியர் பதவி. அதுவரை கல்லூரி கோச் என்றால் பருவத்துக்கு வந்துபோகும் பழைய மாணவர். இங்கே முதல்முறையாக கோச் ஒரு துறைத் தலைவராக, வேலைப் பாதுகாப்போடு, பேராசிரியர்களின் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

ஸ்டாக்கைப் பற்றி ஒரு துணுக்கு. பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் இவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஒன்றாக இருந்தவர்கள். 1892 மார்ச்சில் அந்த ஆட்டம் முதன்முதலாகப் பொதுமக்கள் முன்னால் ஆடப்பட்டபோது மாணவர் அணி ஆசிரியர் அணியை 5-1 என்று வென்றது. ஆசிரியர்களின் அந்த ஒரே ஒரு கூடை ஸ்டாக் போட்டது.

சிகாகோவில் அவர் ஆரம்பித்தபோது ஆள் பற்றாக்குறை. முதல் பருவத்தில் கோச்சே களத்தில் இறங்கி ஆடினார். பக்கத்திலேயே 1893 உலகக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவையைத் தன் பகுதியாக நடத்திய அதே கண்காட்சிதான். கேளிக்கைகளுக்கும் உலகின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினத்துக்கும் ஒதுக்கிய ‘மிட்வே’ என்ற நீண்ட திடல் பல்கலைக்கழகத்தின் ஓரமாகவே ஓடுகிறது. பின்னாளில் ஸ்டாக்கின் அணிக்கு ‘மிட்வேயின் அரக்கர்கள்’ என்று பட்டப்பெயர் வந்தது இதனால்தான். இன்று அந்தப் பட்டம் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியிடம் இருக்கிறது. பேர்ஸின் தலைக்கவசத்தில் இருக்கும் வளைந்த ‘சி’ எழுத்தையும் பல்கலைக்கழக அணி அவர்களுக்கு வெகுகாலம் முன்பே அணிந்திருந்தது. அணி போனபிறகு பெயரும் முத்திரையும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன.

நிறத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. முதலில் தேர்ந்தெடுத்தது ஒரு வகை மஞ்சள். 1894இல் அதை விட்டுவிட்டு அரக்குச் சிவப்புக்கு மாறினார்கள். ‘மரூன்ஸ்’ என்ற அணிப்பெயர் அதிலிருந்து வந்தது. மஞ்சள் சீக்கிரம் அழுக்காகிறது என்பது ஒரு காரணம். ஆங்கிலத்தில் மஞ்சள் கோழைத்தனத்தின் நிறம், எதிரணி கிண்டல் செய்யும் என்பது இன்னொன்று. நமக்கு மங்கலம், அவர்களுக்குக் கோழைத்தனம், என்ன செய்வது.

ஹார்ப்பர் எதிர்பார்த்தது நடந்தது. 1894 கிறிஸ்துமஸ் சமயத்தில் அணி ரயிலேறி கலிஃபோர்னியா வரை போய் ஸ்டான்ஃபோர்டோடு ஆடியது. அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத தூரம். ஸ்டாக் பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று உண்டு. 1895இல் விஸ்கான்சினோடு ஆடும்போது இடைவேளையில் அணி பின்தங்கியிருந்தது. ஹார்ப்பர் உள்ளே வந்து, ராக்ஃபெல்லர் முப்பது லட்சம் டாலர் நன்கொடை அறிவித்திருக்கிறார், பல்கலைக்கழகம் பெரிய நிலைக்கு வரும் என்று அவர் நம்புகிறார், நீங்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றாராம். பசங்கள் போய் ஜெயித்துவிட்டு வந்தார்கள். கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் நன்கொடையும் வெற்றியும் ஒரே மூச்சில் பேசப்பட்டன என்பதைக் கவனியுங்கள்.

இதே காலத்தில்தான் பிக் டென்னும் உருவானது. 1895 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டலில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். கூலிக்கு ஆள் பிடித்து மாணவன் என்று சொல்லி ஆட வைப்பதைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கம். 1896இல் ஏழு பல்கலைக்கழகங்களோடு அமைப்பு முறையாகத் தொடங்கியது: சிகாகோ, இல்லினாய், மிஷிகன், மினசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டூ, விஸ்கான்சின். அதாவது இன்று பல நூறு கோடி டாலர் புரளும் அந்த அமைப்பை நிறுவியவற்றில் ஒன்றுதான், இன்று அதில் இல்லாத சிகாகோ.

1899 முதல் 1924 வரை ஏழு முறை பிக் டென் ஃபுட்பால் பட்டம் சிகாகோவுக்கு. அதில் 1905ஆம் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்றுவித்த மிஷிகன் அணி 1901இலிருந்து 56 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் வந்திருந்தது. நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுக்கும் அணி என்று பெயர். 1905 பருவத்தில் அதுவரை 495 புள்ளிகள் எடுத்திருந்தது. விட்டுக்கொடுத்தது பூஜ்யம். நவம்பர் 30, நன்றி நவிலும் நாள், சிகாகோவின் மைதானத்தில் 25,000 பேருக்கு மேல் கூட்டம். சிகாகோ தரப்பில் வால்டர் எக்கர்சால், குள்ளமான ஆள், உதைத்தால் பந்து எங்கோ போய் விழும். ஆட்டம் முழுக்க இரண்டு பக்கமும் புள்ளி இல்லை. பிற்பாதியில் சிகாகோ உதைத்த பந்தைத் தன் கோல் கோட்டுக்குப் பின்னால் பிடித்த மிஷிகன் ஆட்டக்காரர், அங்கேயே நின்றிருந்தால் எதுவும் ஆகியிருக்காது. ஆனால் அவர் ஓடி வெளியே வரப் பார்த்தார். சிகாகோ ஆட்கள் மோதி அவரை மறுபடி கோட்டுக்குப் பின்னால் தள்ளிச் சாய்த்தார்கள். ஃபுட்பால் விதிப்படி சொந்தக் கோட்டுக்குப் பின்னால் சாய்க்கப்பட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. முடிவு 2-0. ஐந்து வருடச் சாதனை ஒரு தப்படியில் போயிற்று. ஹார்ப்பர் அப்போது புற்றுநோயில் படுக்கையில் இருந்தார். ஆறு வாரத்தில், 1906 ஜனவரி 10 அன்று, காலமானார்.

மிஷிகனை வென்ற அதே 1905 நவம்பரில் வேறு ஒன்றும் நடந்தது. கொலியர்ஸ் பத்திரிகை, கல்லூரிகள் ஃபுட்பால் வெற்றியை எப்படி விலைக்கு வாங்குகின்றன என்று ஒரு தொடர் வெளியிட்டது. அதில் எக்கர்சாலின் பெயரும் அடிபட்டது. சேர்க்கைக்குத் தேவையான பாடங்களை முடிக்காமலேயே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவாவது வெளிப்படையாக அறிவித்துச் செய்வது. இது கொல்லைப்புற வழி. எக்கர்சால் பட்டம் வாங்காமலேயே வெளியேறி, பிறகு சிகாகோ ட்ரிப்யூனில் விளையாட்டு எழுத்தாளர் ஆனார். கூலி ஆட்களைத் தடுக்க அமைப்பைத் தொடங்கிய பல்கலைக்கழகமே பத்தே வருடத்தில் இங்கே வந்து நின்றது. ஸ்டாக் தனிப்பட்ட முறையில் ஒழுக்கசீலர். குடிக்கமாட்டார், கெட்ட வார்த்தை வாயில் வராது, கோபம் உச்சத்துக்குப் போனால் ‘கழுதை’ என்பார், அவ்வளவுதான். பக்தியுள்ள மனிதர் என்பதும், ஜெயிக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர் என்பதும் இரண்டுமே உண்மை. இரண்டும் ஒரே ஆளுக்குள் பிரச்சினை இல்லாமல் குடியிருந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஃபுட்பாலிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். மற்ற அணிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதுவே இந்தக் கதையைக் கோணலாக்குகிறது.

பாஸ்கெட்பால்: அணிக்கு ஐந்து பேர் என்று ஆடப்பட்ட முதல் கல்லூரி ஆட்டம் 1896 ஜனவரி 18 அன்று அயோவா சிட்டியில் நடந்தது. ஆடியவர்கள் சிகாகோவும் அயோவாவும், சிகாகோவுக்கு 15-12 வெற்றி. 1907 முதல் 1910 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கூட்டமைப்புப் பட்டம். தடகளம்: சிகாகோ மாணவர் ஜேம்ஸ் லைட்பாடி 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர், 1500 மீட்டர், ஸ்டீபிள்சேஸ் என்ற நெடுந்தூரத் தடை ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது பேஸ்பால் அணியின் கதை. சிகாகோவின் பழைய மாணவர் ஒருவர் ஜப்பானுக்குப் போய் வசேடா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தத் தொடர்பில் 1910இல் சிகாகோ அணி கப்பலேறி ஜப்பான் போய் ஆடியது. பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று 1930 வரை போனார்கள். வசேடாவும் பதிலுக்கு அமெரிக்கா வந்தது. வசேடாவின் அரக்குச் சிவப்பு நிறத்துக்கு மூலம் சிகாகோதான். இன்றைக்கும் ஜப்பானில் பேஸ்பால் ரசிகர்களிடம் அந்த நிறத்தைக் காட்டினால் வசேடா என்பார்கள். சிகாகோவில் காட்டினால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது.

பெண்கள் பக்கம்: 1898இல் கெர்ட்ரூட் டட்லி பெண்களின் விளையாட்டுக்குப் பொறுப்பேற்று 1935 வரை நடத்தினார். மாணவிகள் பாஸ்கெட்பாலும் ஹாக்கியும் நிறையவே ஆடினார்கள். ஆனால் வெளியூர் போய்ப் பிற பல்கலைக்கழகங்களோடு மோதுவது, டிக்கெட் விற்பது எல்லாம் கிடையாது. அன்றைய பெண் உடற்கல்வியாளர்களே ஆண்களின் வணிக விளையாட்டைப் பார்த்து, நமக்கு அது வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். 1939இல் ஆண்கள் அணிக்கு நேர்ந்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் எடுத்த முடிவு அசட்டுத்தனமாகத் தெரியவில்லை.

சரி, வீழ்ச்சிக்கு வருவோம். 1922இல் கூட சிகாகோ உச்சத்தில்தான் இருந்தது. அந்த அக்டோபரில் பிரின்ஸ்டனோடு ஆடி 21-18 என்று தோற்ற ஆட்டம் வானொலியில் தொலைதூரம் வரை ஒலிபரப்பான ஆரம்பகால ஆட்டங்களில் ஒன்று. அதே ஆண்டு வாத்தியக் குழுவுக்காக எட்டடி விட்டத்தில் ஒரு ராட்சத முரசு செய்தார்கள். மைதானத்துக்கு ஸ்டாக் ஃபீல்ட் என்றே பெயர், கேலரியில் சுமார் 50,000 பேர் உட்காரலாம். ஆனால் 1924க்குப் பிறகு பட்டம் இல்லை. இல்லினாய், மிஷிகன், ஒஹாயோ மாதிரி அரசுப் பல்கலைக்கழகங்கள் பெருத்துக்கொண்டே போயின. சிகாகோ வேறு திசையில் போயிற்று. ஆராய்ச்சி மாணவர்கள் அதிகம், இளநிலை மாணவர்கள் குறைவு, அவர்களிலும் பலர் தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். ஆட்டக்காரர்கள் எளிதாகத் தேறுவதற்கென்றே மற்ற இடங்களில் உடற்கல்விப் பட்டப்படிப்பு வைத்திருந்தார்கள், இங்கே அது கிடையாது. 1931இல் வந்த புதிய பாடத்திட்டம் இன்னும் கடினம். உயர்நிலைப் பள்ளியில் நன்றாக ஆடும் பையன் எதற்கு இங்கே வர வேண்டும்? ஊருக்குள் பேர்ஸ் அணி வேறு வளர்ந்துகொண்டிருந்தது. கூடவே பொருளாதார மந்தம், டிக்கெட் வசூல் சரிவு.

இந்த நிலையில் 1929இல், முப்பதே வயதில், யேல் சட்டக் கல்லூரி டீனாக இருந்த ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் தலைவராக வந்தார். தமிழ் வாசகர்களுக்கு இவரை வேறு விதமாகவும் தெரிந்திருக்கலாம். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் சிகாகோவில் சேர்ந்தது இவர் காலத்தில்தான். நிறத்தைக் காரணம் காட்டி சந்திரசேகர் வளாகத்தில் வகுப்பெடுக்கக் கூடாது என்று ஒரு டீன் முட்டுக்கட்டை போட்டபோது, தாராளமாக எடுக்கட்டும் என்று சொன்னவர் ஹட்சின்ஸ். பிடிவாதக்காரர், துணிச்சல்காரர், வாய்த்துடுக்கும் உண்டு.

ஸ்டாக்குக்கு 70 வயது ஆனது. ஓய்வு வயது வரம்பு எழுபது. ஹட்சின்ஸ் நீட்டிப்பு கொடுக்கவில்லை. 41 பருவங்களுக்குப் பிறகு 1932இல் ஸ்டாக் வெளியேறினார். கௌரவப் பதவி ஒன்றில் உட்கார வைக்கப் பார்த்தார்கள், மனுஷன் மறுத்துவிட்டு கலிஃபோர்னியாவில் பசிஃபிக் கல்லூரிக்குக் கோச்சாகப் போனார். 1938இல் அந்தச் சின்னக் கல்லூரி அணியைக் கூட்டிக்கொண்டு சிகாகோ வந்து, தன் பெயரையே தாங்கிய மைதானத்தில், தன் பழைய அணியை 32-0 என்று தோற்கடித்தார். இந்த மாதிரிக் காட்சியை யாராவது எழுதினால் நம்பமாட்டோம். 1943இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த கோச்சாகத் தேர்வானார். 102 வயது வாழ்ந்து 1965இல் இறந்தார்.

நீங்கள் கேட்ட ஹைஸ்மன் கோப்பை இந்தச் சரிவின் நடுவில் வந்தது. ஜே பெர்வாங்கர், அயோவாவின் டுபியூக் ஊர்ப் பையன். 1935இல் நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெடிக் கிளப் முதன்முதலாகக் கொடுத்த கோப்பை இவருக்கு. அடுத்த வருடம் கிளப்பின் விளையாட்டு இயக்குநர் ஜான் ஹைஸ்மன் இறந்தபிறகுதான் அவர் பெயர் கோப்பைக்கு வந்தது. விசித்திரம் என்னவென்றால் அந்த வருடம் சிகாகோ அணி நான்கு வெற்றி, நான்கு தோல்வி. ஒரு ஆளே அணி என்று ஆகியிருந்தது. 1934இல் மிஷிகனோடு ஆடும்போது பெர்வாங்கரைப் பிடித்துச் சாய்க்கப் போன ஒருவருக்கு இடது கண்ணுக்குக் கீழே வெட்டுக்காயம், தழும்பு வாழ்நாள் முழுக்க இருந்தது. அவர் பெயர் ஜெரால்ட் ஃபோர்ட், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. 1936இல் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல் முதன்முதலாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்தபோது முதல் பெயரே பெர்வாங்கர். ஆனால் கேட்ட பணம் கிடைக்கவில்லை. தொழில்முறை ஆட்டமே ஆடாமல் ரப்பர் வியாபாரத்துக்குப் போனார். கோப்பை அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது.

பெர்வாங்கர் போனதும் அணி நொறுங்கியது. 1939 பருவத்தைப் பாருங்கள். ஹார்வர்டிடம் 61-0, மிஷிகனிடம் 85-0, வர்ஜீனியாவிடம் 47-0, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61-0, இல்லினாயிடம் 46-0. ஐந்து ஆட்டம், சரியாக 300 புள்ளி, பதிலுக்கு ஒன்றுகூட இல்லை. பெலாய்ட் என்ற குட்டிக் கல்லூரியிடமும் தோல்வி. கோச் கிளார்க் ஷானஸி திறமையில்லாதவரா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருடமே ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், ஒரு தோல்வியும் இல்லாமல், ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற புத்தாண்டு ஆட்டம் வரை வென்று காட்டினார். சரக்கு இங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஹட்சின்ஸ் 1938 டிசம்பரிலேயே சாட்டர்டே ஈவ்னிங் போஸ்டில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கல்லூரி விளையாட்டின் நோய் வசூல் ஆசை என்பது அதன் சாரம். நுழைவுக் கட்டணத்தைப் பத்து சென்ட்டாகக் குறையுங்கள், கோச்சுக்கு வேலைப் பாதுகாப்பு கொடுங்கள் என்றெல்லாம் அதில் யோசனை சொன்னார். அந்த இரண்டாவது யோசனையை ஹார்ப்பர் 1892இலேயே செய்துவிட்டார் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வேலைப் பாதுகாப்பு இருந்தும் எக்கர்சால் விவகாரம் நடந்தது. 1939 டிசம்பர் 21 அன்று அறிவிப்பு வந்தது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஃபுட்பால் இனி இல்லை.

இப்போது நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். கலைத்தது ஃபுட்பாலை மட்டும். ‘சிகாகோவில் எல்லோரும் கண்ணாடி போட்ட புத்தகப்புழுக்கள், அதனால் தோற்றார்கள்’ என்பது சுவையான கிண்டல், ஆனால் உண்மை வேறு. 1938இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏ முதன்முதலாக ஜிம்னாஸ்டிக்ஸ் தேசிய சாம்பியன் போட்டி நடத்தியபோது வென்ற அணி சிகாகோ. மிஷிகனிடம் 85-0 வாங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பு! உடல் வலுவும் திறமையும் அங்கே இருந்தன. இல்லாமல் போனது 50,000 இருக்கைகளை நிரப்பும் அளவுக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து, ஊட்டி வளர்த்து, பாஸ் போட்டு வைத்திருக்கும் இயந்திரம். அதை மறுபடி கட்டப் பணமும் வேண்டும், மனசாட்சியைக் கொஞ்சம் அடகு வைக்கவும் வேண்டும். 1892இல் அடகு வைக்கக் காரணம் இருந்தது, பெயர் வேண்டும். 1939இல் பெயர் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் நூலகத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஹட்சின்ஸ் செய்தது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அணி ஜெயித்துக்கொண்டிருந்திருந்தால் எந்த அறங்காவலர் குழுவும் அவர் பேச்சைக் கேட்டிருக்காது.

காலி மைதானத்துக்கு உடனே வேறு உபயோகம் வந்தது. மேற்குக் கேலரிக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் கோர்ட்டில் என்ரிகோ ஃபெர்மியும் குழுவினரும் கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கினார்கள். 1942 டிசம்பர் 2 பிற்பகலில் மனிதன் கட்டுப்படுத்திய முதல் அணுக்கருத் தொடர்வினை அங்கே நடந்தது. கிடைத்த சக்தி அரை வாட். ஆங்கிலத்தில் ஸ்குவாஷ் என்றால் பூசணி வகைக் காயும் கூட. அதனால் சோவியத் அறிக்கை ஒன்று அந்த இடத்தைப் பூசணித் தோட்டம் என்று மொழிபெயர்த்துவிட்டதாக ஒரு கதை உலவுகிறது. கேலரிக்கு அடியில் கிடந்த அந்த ராட்சத முரசில் கதிரியக்கம் படிந்துவிட்டது என்று சொல்லி, சுத்தம் செய்து, கடைசியில் 1955இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘பிக் பெர்த்தா’ என்ற பெயரில் அங்கே பல பத்தாண்டுகள் முழங்கியது.

1946 மார்ச்சில் பிக் டென்னிலிருந்தும் விலகல் அறிவிப்பு. அந்த இடத்துக்குப் பின்னர் மிஷிகன் ஸ்டேட் வந்தது. ஆனால் முழுவதும் உறவு அறவில்லை. 1958இல் பிக் டென் பல்கலைக்கழகங்கள் நூலகம், ஆராய்ச்சி எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ள ஒரு கல்விக் கூட்டமைப்பு தொடங்கியபோது சிகாகோவும் சேர்ந்தது. 2016 வரை அதில் இருந்தது. பந்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்ட உறுப்பினர்.

ஃபுட்பால் திரும்பி வந்த விதம் வேடிக்கையானது. உடற்கல்வி வகுப்பு என்ற பெயரில் மெதுவாக உள்ளே நுழைந்தது. 1963 நவம்பரில் நார்த் சென்ட்ரல் கல்லூரியோடு ஒரு ஆட்டம் ஏற்பாடானபோது மாணவர்கள் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், ஃபுட்பால் வேண்டாம் என்று! மற்ற ஊர்களில் அணி தோற்றால் கலவரம், இங்கே அணி வந்தால் மறியல். 1969இல் அதிகாரப்பூர்வ அணி ஆனது. 1973இல் என்சிஏஏ மூன்று பிரிவுகளாகப் பிரிந்தபோது சிகாகோ மூன்றாம் பிரிவில் அமர்ந்தது. அங்கே ஆட்டத்துக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனால் இந்த விதிக்கு வெளியே, அதே 1973இல் பெண்களுக்கு முழு விளையாட்டு உதவித்தொகையை கெர்ட்ரூட் டட்லியின் பெயரில் அறிவித்தார்கள். அந்த வகையில் நாட்டிலேயே முன்னோடி. 1986இல் எமரி, கார்னெகி மெலன், வாஷிங்டன் (செயின்ட் லூயிஸ்), நியூயார்க் பல்கலைக்கழகம் போன்றவற்றோடு சேர்ந்து தங்கள் குணத்துக்கு ஏற்ற ஒரு கூட்டமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். ரசிகர்களின் கோஷத்தில் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசும் கந்தக அமிலமும் வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்மைக்காலம் மோசமில்லை. 2022 மே மாதம் ஆண்கள் டென்னிஸ் அணி மூன்றாம் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஆண்கள் கால்பந்து அணியும் வென்றது. அந்தக் கோச் ஜூலியன் சிட்ச் ஒரு பெண். ஆண்கள் கால்பந்து அணியை என்சிஏஏ பட்டத்துக்குக் கொண்டுபோன முதல் பெண் கோச் அவர்தான். இந்தச் செய்தி வந்தபோது பழைய ஸ்டாக் கதைகளை விட்டுவிட்டு இதை அல்லவா சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கடைசியில் நானும் ஸ்டாக்கைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன்.

சிகாகோ போனால் பார்க்க: பழைய ஸ்டாக் ஃபீல்ட் கேலரிகள் 1957இல் இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் 1970இல் திறந்த ரீஜன்ஸ்டைன் நூலகம் நிற்கிறது. பக்கத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம், ஃபெர்மியின் அணு உலை இருந்த இடத்தைக் காட்டுகிறது. ஃபுட்பாலுக்கு அங்கே எந்தச் சிற்பமும் கிடையாது. ஸ்டாக்கின் அணிகள் பயிற்சி எடுத்த பார்ட்லெட் உடற்பயிற்சிக்கூடம் இப்போது மாணவர் உணவகம். பெர்வாங்கரின் கோப்பை ராட்னர் விளையாட்டு மையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. புதிய ஸ்டாக் ஃபீல்ட் அதற்குப் பக்கத்திலேயே. இலையுதிர்காலத்தில் சனிக்கிழமை மதியம் போனால் ஆட்டம் நடக்கும், உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும்.